டெஸ்க்டாப் மாற்றியபின் வரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

லினக்ஸ் கணினி ஒன்றில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என்று இரண்டு மூன்று டெஸ்க்டாப்களை (திரையின் தோற்றம், மெனு, பேனல் எல்லாவற்றையும் தரும் மென்பொருள்) சேர்த்தே நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நாள் வேலை செய்துபார்த்து, கைக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பலர் பாதியிலேயே ஏதோ ஒன்று கெட்டுப்போய், "பிளாஸ்மா சரிப்படாது", "க்னோம் இந்த மெஷினில் ஓடாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஹார்டு டிஸ்க்கையே ஃபார்மட் செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை டெஸ்க்டாப்பின் குறை அல்ல. எல்லா டெஸ்க்டாப்களும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்ற ஒரே மறைவு ஃபோல்டரில்தான் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கின்றன. ஒரே சமையலறையில் இரண்டு குடித்தனம் நடத்துகிற மாதிரி, ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றிவைக்கும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். அமைப்புகளில் 'யூசர்ஸ்' பக்கத்துக்குப் போய், 'சோதனை' என்றோ வேறு பெயரிலோ புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். லாக்அவுட் செய்து, அந்தக் கணக்கில் அதே டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பழுது உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஏதோ ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அங்கேயும் அதே தொல்லை என்றால் டிரைவர், பேக்கேஜ், லாகின் திரையைக் காட்டும் லாகின் மேனேஜர் என்று கணினி முழுவதற்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கீழே உள்ளவை உபுண்டு, டெபியன், மிண்ட் மூன்றுக்கும் பொருந்தும். ஃபெடோராவில் வழி மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

நிறுவினேன், ஆனால் லாகின் திரையில் புதிய டெஸ்க்டாப்பைக் காணோம்

பெரும்பாலும் அது அங்கேதான் இருக்கும், கண்ணில் படாத இடத்தில். உபுண்டுவின் லாகின் திரையான ஜிடிஎம்மில், முதலில் உங்கள் பெயரைச் சொடுக்க வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்தபிறகுதான் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தோன்றும். அதற்குள்தான் பட்டியல் இருக்கிறது. பிளாஸ்மாவோடு வரும் எஸ்டிடிஎம்மில் வழக்கமாக இடது கீழ் மூலையில் இருக்கும். மிண்ட் லாகின் திரையில் பயனர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வட்டச் சின்னம் இருக்கும்.

தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தால் இந்தத் திரையே வராது. ஒருமுறை லாக்அவுட் செய்தால் வந்துவிடும்.

பல்சக்கரமே இல்லை என்றால், ஜிடிஎம் கண்ணுக்கு ஒரே ஒரு செஷன்தான் (நுழையக்கூடிய டெஸ்க்டாப்) தெரிகிறது என்று பொருள். 'யூஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் 'ஷேர்', அதற்குள் 'எக்ஸ்செஷன்ஸ்', 'வேலண்ட்-செஷன்ஸ்' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். நிறுவிய ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் இவற்றில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவல் பாதியில் நின்றிருக்கிறது, அல்லது டெஸ்க்டாப்பின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நிறுவியிருக்கிறீர்கள்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து "எக்ஸ்ஆர்க்கில் க்னோம்" என்ற வரியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: உபுண்டு 25.10 முதல் அந்த வரி இல்லை. திரையில் வரையும் பழைய அமைப்பான எக்ஸ்ஆர்க்கை (எக்ஸ்11) விட்டு, க்னோம் அங்கே புதிய அமைப்பான வேலண்டில் மட்டும்தான் ஓடும். எக்ஸ்11 கட்டாயம் வேண்டும் என்கிற பழைய மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் எக்ஸ்எஃப்சிஇ, மேட், சின்னமன் பக்கம் போவதுதான் நல்லது.

பாஸ்வேர்ட் சரி, ஆனால் மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறது

ஆட்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். கோப்புகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன; டெஸ்க்டாப் எழுந்திருக்க முடியாமல் விழுகிறது, அவ்வளவுதான்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. அடித்து என்டர் தட்டுங்கள். நுழைய முடிந்தால் உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. திரும்ப லாகின் திரைக்குப் போக கண்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்1, லைட்-டிஎம் என்ற லாகின் மேனேஜரில் எஃப்7.

முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'டிஎஃப் -எச்' என்ற கட்டளை ஒவ்வொரு பார்ட்டிஷனும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ரூட் (/) அல்லது ஹோம் இருக்கும் வரியில் 100 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப் தொடங்கும்போது ஹோம் ஃபோல்டரில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். இடம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். புதிய டெஸ்க்டாப் நிறுவியவுடன் இது வருவதில் ஆச்சரியம் இல்லை. சிறிய ரூட் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு, முழு பிளாஸ்மா தொகுப்பு இறக்கி வைக்கும் பேக்கேஜ்களே மிச்ச இடத்தைத் தின்றுவிடும். 'சூடோ ஏபிடி கிளீன்' அவற்றை அப்புறப்படுத்தும் ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது, 'ஏபிடி' பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி). ஹோம் நிரம்பியிருந்தால் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள்.

இடம் தாராளமாக இருந்தால், அடுத்து உரிமை. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைவுக் கோப்பு இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ, மேட், சின்னமன் போன்றவற்றுக்கு லைட்-டிஎம் வழியாக நுழையும்போது இது முக்கியம். 'எல்எஸ் -எல்ஏ' என்று அடித்துப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் அனுமதிகளை அடுத்து இரண்டு பெயர்கள் வரும். இரண்டுமே உங்கள் பயனர் பெயராக இருக்க வேண்டும். இந்தக் கோப்பின் வரியில் மட்டும் 'ரூட் ரூட்' என்று நின்றால், எப்போதோ ஒரு கிராஃபிக்ஸ் நிரலை சூடோ போட்டுத் திறந்திருக்கிறீர்கள். உங்கள் கோப்பு கணினியின் நிர்வாகிக் கணக்கான ரூட் கைக்குப் போய்விட்டது, அதை உங்களாலேயே எழுத முடியவில்லை. 'சூடோ சிஎச்ஓன்' கட்டளையால் உங்கள் பெயருக்கே மாற்றுங்கள். கான்ஃபிக், கேஷ் ஃபோல்டர்களுக்குள்ளும் ரூட் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்; க்னோம் விழுவதற்கு அது போதும்.

இரண்டும் சரி, சோதனைக் கணக்கிலும் இதே கதை என்றால் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் போக வேண்டும், அதிலும் என்விடியா கார்டு இருந்தால். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அப்டேட் ஆகி டிரைவர் அதற்கேற்பக் கட்டப்படாமல் போனால் இப்படித்தான் நடக்கும். பூட் ஆகும்போது மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் நுழைய முடிந்தால் உறுதியாகிவிட்டது. டிரைவரை மறுபடி நிறுவினால் போதும்.

கருப்புத் திரையில் மவுஸ் மட்டும் நகர்கிறது, லாகின் திரையே வரவில்லை

இரண்டாவது டெஸ்க்டாப்பை நிறுவும்போது நடுவில் நீலத் திரையில் ஒரு கேள்வி வந்திருக்கும்: ஜிடிஎம்3 வேண்டுமா, எஸ்டிடிஎம் வேண்டுமா என்று. அவசரத்தில் என்டர் தட்டிப் போயிருப்பீர்கள். இந்த லாகின் மேனேஜர்களில் எது வேண்டுமானாலும் எல்லா டெஸ்க்டாப்களையும் தொடங்கிவைக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எஃப்3 திரைக்குப் போய் 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3' என்று அடித்தால் அதே கேள்வி மறுபடி வரும். ஃபெடோராவில் சிஸ்டம்சிடிஎல் வழியாக வேண்டிய மேனேஜரை 'எனேபிள்', கூடவே 'ஃபோர்ஸ்' போட்டு மாற்ற வேண்டும். அப்புறம் ரீஸ்டார்ட்.

எதை வைப்பது? நீங்கள் வைத்திருப்பவற்றில் க்னோம் ஒன்று என்றால் ஜிடிஎம்மையே வையுங்கள். க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பியே இருக்கிறது. லைட்-டிஎம் வழியாக க்னோமுக்குள் போனால் திரையைப் பூட்டும் வசதி ஒழுங்காக வேலை செய்யாது. அலுவலகக் கணினியில் அது சின்ன விஷயம் இல்லை. க்னோம் இல்லாத கணினிக்கு லைட்-டிஎம் இலகுவானது.

தமிழ் அடிக்க முடியவில்லை

நம்மில் பலர் ஒரு டெஸ்க்டாப்பைக் கைவிடுவதற்கு உண்மையான காரணம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க்னோமுக்குள் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை சேர்ந்தே வருகிறது. 'ஐபஸ்-எம்17என்' பேக்கேஜை நிறுவி, கீபோர்டு அமைப்புகளில் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என்று வேண்டியதைச் சேர்த்தால் முடிந்தது. இந்தப் பழக்கத்தோடு பிளாஸ்மாவுக்குள் போனால் தமிழ் மறைந்துபோகும். பிளாஸ்மா தானாக ஐபஸ்ஸைத் தொடங்காது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 முதல் வேலண்ட்தான் இயல்புநிலை, அங்கே உள்ளீட்டு முறையை டெஸ்க்டாப்பிடமே பதிவு செய்ய வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்து, டச் ஸ்கிரீனுக்கு உரியது என்று எல்லோரும் தாண்டிப்போகிற பக்கம் அது. அதைத் திறந்து அங்கே உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிளாஸ்மாவுக்கு என் பரிந்துரை எஃப்சிஐடிஎக்ஸ்5. அதனோடு அதன் எம்17என் பேக்கேஜையும் நிறுவினால் அதே தமிழ்99, அதே ஃபொனெட்டிக் கிடைக்கும். விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் 'எஃப்சிஐடிஎக்ஸ் 5' என்பதைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்பி வாருங்கள்.

அப்படியும் சில நிரல்களில் தமிழ் வருகிறது, சிலவற்றில் வரவில்லை என்றால், முன்பு ஐபஸ்ஸுக்காக எழுதிவைத்த வரிகள் எங்கோ மிச்சம் இருக்கின்றன. ஹோம் ஃபோல்டரில் உள்ள 'ப்ரொஃபைல்', 'எக்ஸ்இன்புட்ஆர்சி' மறைவுக் கோப்புகளையும், 'ஈடிசி' ஃபோல்டரில் உள்ள 'என்விரான்மென்ட்' கோப்பையும் திறந்து பாருங்கள். 'ஜிடிகே ஐஎம் மாட்யூல்', 'க்யூடி ஐஎம் மாட்யூல்' என்ற பெயர்கள் ஐபஸ்ஸுக்குச் சமம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கும்வரை ஜிடிகே நிரல்கள் (க்னோம் வகை நிரல்கள்) ஐபஸ்ஸையே தேடிக்கொண்டிருக்கும். வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்குங்கள்.

எக்ஸ்எஃப்சிஇ, மேட் இரண்டிலும் வேலை சுலபம். 'ஐஎம்-கான்ஃபிக்' என்ற கருவியைத் திறந்து ஐபஸ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு லாக்அவுட் செய்து வந்தால் பேனலில் சின்னம் வந்துவிடும். மிண்ட்டில் மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்று தேடினால் அதே வேலைக்கான கருவி கிடைக்கும்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்றால் அது உள்ளீட்டுப் பிரச்சினை இல்லை. குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துரு வரவில்லை. நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

எல்லா வெப்சைட்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டது, சேமித்த பாஸ்வேர்டுகளைக் காணோம்

பயப்பட வேண்டாம், அழிந்துபோகவில்லை. குரோம், குரோமியம், அவற்றின் வழிவந்த ப்ரௌசர்கள் பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் பூட்டி வைக்கும் சாவியை, எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறதோ அதன் சாவிப்பெட்டியில் வைக்கின்றன. க்னோமில் க்னோம் கீரிங், பிளாஸ்மாவில் கேவாலட். டெஸ்க்டாப் மாறியதும் ப்ரௌசர் வேறு பெட்டியைத் திறந்து, சாவி இல்லாமல் விழிக்கிறது. பழைய டெஸ்க்டாப்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் பதற்றத்தில் ப்ரௌசர் ப்ரொஃபைலை அழித்துவிடாதீர்கள். அழித்தால்தான் உண்மையான இழப்பு.

இரண்டு டெஸ்க்டாப்பையும் மாறி மாறிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், ப்ரௌசரைத் தொடங்கும் கட்டளையில் 'பாஸ்வேர்ட்-ஸ்டோர்' என்ற தெரிவுக்கு 'க்னோம்-லிப்சீக்ரெட்' என்று கொடுத்து இரண்டிலும் ஒரே பெட்டியைப் பார்க்கச் சொல்லலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தன் ப்ரொஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

வைஃபை பாஸ்வேர்ட் மறுபடி கேட்பதும் இதே சாவிப்பெட்டி விவகாரம்தான். இணைப்பின் அமைப்பில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று மாற்றினால் பாஸ்வேர்ட் கணினி அளவில் சேமிக்கப்படும், எந்த டெஸ்க்டாப்பும் கேட்காது.

நிறம், பட்டன், எழுத்து எல்லாம் குழம்பிவிட்டது

பிளாஸ்மாவில் ஒருமுறை தீம் மாற்றிவிட்டு க்னோமுக்குத் திரும்பினால், க்னோம் நிரல்களில் பாதி கருப்பு, பாதி வெள்ளை என்று ஆகிவிடுவதுண்டு. க்னோம் நிரல்களும் தன் நிறத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று பிளாஸ்மா நல்லெண்ணத்தில் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'ஜிடிகே-3.0', 'ஜிடிகே-4.0' என்ற இரண்டு ஃபோல்டர்களில் நிறக் கோப்புகளை எழுதிவைக்கிறது. க்னோம் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

இரண்டு ஃபோல்டர்களின் பெயரையும் மாற்றிவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள், சரியாகிவிடும். ஆனால் முதல் ஃபோல்டரில் 'புக்மார்க்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் நீங்கள் சேர்த்துவைத்த ஃபோல்டர்களின் பட்டியல் அது. அதை மட்டும் எடுத்துப் புதிய ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

க்னோமில் ஃபோல்டரைத் திறந்தால் பிளாஸ்மாவின் டால்ஃபின் எழுந்து வருகிறதா? ஃபோல்டரின்மேல் வலது கிளிக் செய்து 'வேறு நிரலில் திற' என்பதில் க்னோமின் ஃபைல்ஸைத் தேர்ந்து, எப்போதும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

எக்ஸ்எஃப்சிஇயில் பேனல் காணாமல் போனால், கேஷ் ஃபோல்டருக்குள் உள்ள 'செஷன்ஸ்' ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு மறுபடி நுழையுங்கள். போன முறை பேனல் இல்லாத நிலையிலேயே செஷன் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஒரு நிரலைத் திறந்தால் அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது

கணினி வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் சில நிரல்கள் மட்டும், குறிப்பாக ஃப்ளாட்பாக் என்ற தனித் தொகுப்பாக நிறுவிய நிரல்கள், சொடுக்கியபின் கிட்டத்தட்ட 25 நொடி கழித்து எழுகின்றன. 25 என்ற எண்ணிலேயே துப்பு இருக்கிறது. நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டிபஸ் வழியில், பதில் வராத அழைப்புக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் அதுதான். நிரலுக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையே தூது போகும் 'போர்ட்டல்' என்ற சேவையிடம் நிரல் ஏதோ கேட்கிறது, அது பதில் சொல்லாமல் இருக்கிறது.

ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனித்தனி போர்ட்டல் பேக்கேஜ் உண்டு. எக்ஸ்எஃப்சிஇயில் இருக்கும்போது க்னோமுக்கான போர்ட்டல் எழுந்திருக்க முயன்று தவித்தால் இந்தத் தாமதம் வரும். முதலில் கணினியை முழுதாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். லாக்அவுட் செய்த கையோடு வேறு டெஸ்க்டாப்புக்குள் நுழைந்தால் பழைய செஷனின் பின்னணிச் சேவைகள் இன்னும் உயிரோடு இருக்கலாம். கடைசி செஷன் முடிந்து 10 நொடி கழித்துத்தான், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அவற்றை நிறுத்தும். ரீஸ்டார்ட் செய்தும் தீரவில்லை என்றால், நீங்கள் கைவிட்ட டெஸ்க்டாப்பின் போர்ட்டல் பேக்கேஜை நீக்கிவிட்டு, பொதுவான ஜிடிகே போர்ட்டலை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர முடியவில்லை என்ற புகாருக்கும் வேலண்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் போர்ட்டல்தான்.

எல்லாமே மெதுவாக இருக்கிறது

டெஸ்க்டாப்பை மாற்றுவதற்கு முன்பு, அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது இருந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை. திரையில் அசையும் ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸரே வரைந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் க்னோமோ பிளாஸ்மாவோ தவழ்ந்துதான் போகும். டிரைவரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடுத்து 'ஃப்ரீ -எச்' கட்டளை. அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பதற வேண்டாம், கடைசியில் உள்ள 'அவைலபிள்' பத்திதான் கணக்கு. அது நன்றாக இருந்தும் டிஸ்க் விளக்கு ஓயாமல் மின்னினால், கோப்புகளைப் பட்டியலிடும் சேவை ஓடிக்கொண்டிருக்கலாம். பிளாஸ்மாவில் அதன் பெயர் பலூ. புதிதாக நிறுவிய முதல் நாளில் இது சகஜம், முடிந்ததும் அடங்கிவிடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அமைப்புகளில் 'ஃபைல் சர்ச்' பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

இத்தனையும் பார்த்தபிறகும் 4 ஜிபி ராம் உள்ள கணினி மூச்சுவாங்கினால் எக்ஸ்எஃப்சிஇக்கு மாறுங்கள். 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூடி. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் வேகத்துக்காக எதையும் ஒதுக்க வேண்டாம், பிடித்ததை வையுங்கள். ப்ரௌசரில் திறந்துகிடக்கும் டேப்கள் எந்த டெஸ்க்டாப்பைவிடவும் அதிக ராம் தின்னும். லைவ் யூஎஸ்பியில் போட்டுப் பார்த்து வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். அங்கே நீங்கள் பார்ப்பது பென்டிரைவின் வேகம்.

சில விஷயங்கள் பழுதே இல்லை

க்னோமில் மினிமைஸ் பட்டன் இல்லை, மூலையில் ஆப் சின்னங்கள் வரவில்லை என்பது கோளாறு அல்ல. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ட்வீக்ஸ் கருவியில் பட்டனையும், ஆப்இண்டிகேட்டர் எக்ஸ்டென்ஷனில் சின்னங்களையும் கொண்டுவரலாம். உபுண்டு இவற்றைச் சேர்த்தே தருகிறது, ஃபெடோரா தருவதில்லை. ஆனால் ஆறேழு எக்ஸ்டென்ஷன் போட்டால்தான் உங்களுக்கு க்னோம் பிடிக்கிறது என்றால், நீங்கள் தேடுவது சின்னமனையோ பிளாஸ்மாவையோதான். க்னோமின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஏதாவதொரு எக்ஸ்டென்ஷன் நின்றுபோகும், அந்த வேலை உங்கள் தலையில் விழும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், சின்னமன் போட்டுக் கொடுங்கள்.

தேர்ந்தெடுத்துவிட்டேன், மற்றதை நீக்கினால் எல்லாம் போய்விடுமோ?

கவனமாக இருந்தால் போகாது. முதலில் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் கணினியின் இப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். 'குபுண்டு-டெஸ்க்டாப்' (உபுண்டுவில் பிளாஸ்மாவை நிறுவும் பேக்கேஜ்) போன்ற பெயர்கள் வெறும் தலைப்புப் பேக்கேஜ்கள். அதை மட்டும் நீக்கினால் அது கூட்டிவந்த நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். 'வார்', 'லாக்', 'ஏபிடி' என்று வரிசையாக உள்ளே போனால் 'ஹிஸ்டரி' என்ற பதிவுக் கோப்பு இருக்கும். நிறுவிய தேதியைத் தேடினால் அன்று சேர்ந்த எல்லாப் பேக்கேஜ்களின் பெயரும் ஒரே வரியில் இருக்கும். ஃபெடோராவில் இன்னும் எளிது: 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்து 'அன்டூ' கொடுத்தால் போதும்.

நீக்கும் கட்டளை கொடுத்ததும் ஏபிடி ஒரு பட்டியல் காட்டி, ஆமாவா இல்லையா என்று கேட்கும். அந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பட்டியலில் நெட்வொர்க் மேனேஜர், நீங்கள் பயன்படுத்தும் லாகின் மேனேஜர், வைத்துக்கொள்ள நினைக்கும் டெஸ்க்டாப்பின் பெயர் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 'என்' அழுத்தி வெளியே வாருங்கள். அந்தப் பேக்கேஜை 'சூடோ ஏபிடி-மார்க் மேனுவல்' கட்டளையால் நிரந்தரமாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டாவது முறை பட்டியலில் அது பெரும்பாலும் வராது. பூட் ஆகும்போது இன்னமும் குபுண்டு சின்னமே வந்தால் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' வழியாக, பூட் திரையைக் காட்டும் ப்ளைமவுத்தின் தீமை மாற்றி, பூட் ஆகும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்தால் அதுவும் போய்விடும்.